முள் அசையாத மேசை

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. பாடமாக வந்திருக்க வேண்டியது.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான ஒரு கையேட்டுக்கு, மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இப்படிப்பட்ட வேலை கிடைத்தால் எனக்குப் பசி தூக்கம் தெரியாது. உற்சாகமாக உட்கார்ந்தேன். சுற்றை இணைக்கவும். வோல்ட்டைக் கூட்டும் குமிழை மெல்லத் திருப்பவும். ஒவ்வொரு வோல்ட்டுக்கும் அம்மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளவும். கிராஃப் தாளில் புள்ளிகளை வைத்து இணைக்கவும். இதுவரை பிசகில்லை. அடுத்த வரியை எழுதினேன்: 'உங்களுக்குக் கீழ்க்கண்ட கோடு கிடைக்கும்.' கீழே அந்தக் கோட்டையும் வரைந்தேன்.

வரைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

என்ன கிடைக்கும் என்பதை நானே சொல்லிவிட்டால், படிக்கிறவர் எதற்காகக் குமிழைத் திருப்ப வேண்டும்? படத்தைப் பார்த்துப் புள்ளி வைத்துவிட்டுப் போய்விடலாமே. சுற்றில் எங்காவது கம்பி அறுந்திருந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு வகுப்பே அறுந்த கம்பிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அழகழகாகக் கோடு வரைந்தால்?

தூக்கிவாரிப் போட்டது. பாடம் அந்த வரியோடு நிற்கிறது. கையேட்டுக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் வரிக்காகச் செய்த முயற்சிகளை மறைக்கப்போவதில்லை.

'டீச்சர் பெட்டியைத் திறந்தாள். உள்ளே'

வேண்டாம். பெட்டியை இப்போதே திறந்தால் அதை ஏன் மூடினாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

'அன்று வானம் கறுத்து'

வானத்துக்கு இங்கே வேலை இல்லை. நடந்தது எல்லாம் அறைக்குள்ளே.

'நாத்தனார் நேர்மையானவள்.'

இதை எழுதினேன், ரசித்தேன், பிறகு அடித்துவிட்டேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது என் முகத்தில் கரி பூசப்போகிறது.

சரி, சமையலறையிலிருந்து தொடங்குகிறேன். மாலை நேரம். டீச்சர் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் மாலை வகுப்பில் மின்னியல் சொல்லித்தருகிறவள் அவள். எதிரே தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருப்பவள் அவளுடைய கணவரின் தங்கை. அதே வகுப்பில் மாணவி. மறுநாள் செய்முறைத் தேர்வு.

"அண்ணி, ஒண்ணு சொல்லிடறேன். எந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு தப்பித் தவறிக்கூட என்கிட்ட வாய விட்டுடாதீங்க."

"விடறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

"தூக்கத்துல பேசறீங்களாம். அண்ணன் சொன்னாரு."

"உங்க அண்ணன் முழிச்சிருக்கும்போதே நான் சொல்றது எதுவும் அவர் காதுல விழாது. தூக்கத்துல சொன்னது மட்டும் விழுந்துடுச்சா?"

நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"இந்தத் தடவையும் போச்சுன்னா அவ்வளவுதான் அண்ணி. கம்பெனியில தெளிவா சொல்லிட்டாங்க. சர்ட்டிபிகேட் கொண்டா, லிஃப்ட் தொடு. இல்லாட்டி பழையபடி போன் எடு."

அவள் ஒரு லிஃப்ட் நிறுவனத்தில் வரவேற்பு மேசையில் சேர்ந்தவள். 'லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு, உள்ள ஆளு இருக்கு' என்று அலறுகிற குரல்களை நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, ஏன் நிற்கிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்று மெக்கானிக்குகளின் பின்னால் போனவள். மொட்டை மாடி அறையில் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவை முதல்முறை திறந்து காட்டினார்களாம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அதையே பேசிக்கொண்டிருந்தாள். போன வருடத் தேர்வில் தோற்றாள்.

"நல்லாத்தான் செய்யறே. ஆனா நிறைய நேரம் எடுத்துக்கறே" என்றாள் டீச்சர். "மத்தவங்க எல்லாம் கையேட்டுல இருக்கற மாதிரி அளவ மனசுல வெச்சிருக்காங்க. நீ அதையும் பார்க்க மாட்டேங்கறே."

"பார்த்தா மனசுல நிக்க மாட்டேங்குது, நான் என்ன பண்ண? போன் நம்பர் மட்டும்தான் நிக்குது."

(அந்தக் கையேடு எது என்று கேட்கிறீர்களா? அதில் 'உங்களுக்குக் கீழ்க்கண்ட கோடு கிடைக்கும்' என்ற வரி இருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.)

3

பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் பின்னால் வருவது உங்களைத் தொடாது. தெரிந்தால் போதும், வேறு கணக்கு எதுவும் வேண்டாம்.

வோல்ட்டேஜ் என்பது தள்ளு. கரண்ட் என்பது அந்தத் தள்ளுக்குக் கம்பியில் ஓடுகிற ஓட்டம். எவ்வளவு தள்ளினால் எவ்வளவு ஓடுகிறது, இதுதான் சோதனை. டீச்சர் மூன்று பிளாஸ்டிக் டிபன் பெட்டிகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொருளை வைத்து, இரண்டு முனைகளை மட்டும் வெளியே விட்டு, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுவாள். உள்ளே என்ன என்று திறந்து பார்க்காமல், தள்ளிப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்றில் மின்தடை. இரண்டு மடங்கு தள்ளினால் இரண்டு மடங்கு ஓடும், மூன்று மடங்குக்கு மூன்று மடங்கு. கோடு நேராகப் போகும். சூதுவாது தெரியாத ஆள்.

ஒன்றில் டையோடு. ஒரு பக்கமாகத் தள்ளினால் முதலில் கல்லுப்பிள்ளையாராக இருக்கும். அரை வோல்ட்டைத் தாண்டியதும் சட்டென்று கதவைத் திறந்துவிடும். மறுபக்கமாகத் தள்ளினால் நீங்கள் தலைகீழாக நின்றாலும் திறக்காது.

ஒன்றில் பல்ப். எனக்குப் பிடித்தது இதுதான். முதலில் தாராளமாகக் கொடுக்கும். தள்ளத் தள்ளக் கை சுருங்கும். ஏனென்றால் ஓட்டம் கூடும்போது இழை சூடாகிறது. சூடான உலோகத்துக்குள் அணுக்கள் நின்ற இடத்தில் நிற்காமல் ஆடுகின்றன. நெரிசலான பேருந்தில் எல்லாரும் சும்மா நின்றால் இடுக்கில் புகுந்து இறங்கிவிடலாம், எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தால்? மின்சாரத்துக்கும் அதே கதிதான். எனவே கோடு மேலே ஏறும், ஆனால் ஏற ஏறப் படுத்துக்கொள்ளும்.*

* இதில் இன்னொன்று இருக்கிறது. குளிர்ந்த இழையில் தடை மிகக் குறைவு. ஆகவே ஸ்விட்சைப் போட்ட நொடியில் கரண்ட் வெள்ளமாகப் பாயும். பழைய குண்டு பல்ப் பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கும்போது சாகாது. ஸ்விட்சைத் தட்டும்போதுதான் பட்டென்று சாகும். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று இப்போது கேட்காதீர்கள்.

(இதை எழுதுவதற்காக நானும் ஒரு சிறு பல்பை மேசையில் வைத்துச் செய்து பார்த்தேன். கோடு வளைந்தது. ஆனால் புத்தகத்தில் இருப்பதுபோல் வழுவழுவென்று இல்லை. நடுவில் ஒரு புள்ளி, வரிசையில் ஒழுங்காக நிற்கத் தெரியாத பிள்ளையைப் போல, கொஞ்சம் கீழே நின்றது. அதைத் தூக்கி மேலே வைக்க என் விரல் துடித்தது. யாரும் பார்க்கவில்லை. தேர்வும் இல்லை. அப்படியும் துடித்தது.)

4

தேர்வு அறையில் மூன்று நீள மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பவர் சப்ளை, இரண்டு மீட்டர்கள், ஒரு கறுப்புப் பெட்டி. டிரான்ஸ்பார்மர்கள் ரீங்கரித்தன, சூடேறிய வார்னிஷ் வாசனை அறை முழுக்க. ஒருவர் ஒரு மேசையை முடித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போக வேண்டும்.

கரும்பலகையில் டீச்சரின் கையெழுத்தில் ஒரு வரி: 'உதவி கேட்டால் மதிப்பெண் குறைக்கப்படும்.'

அது அவள் கொண்டுவந்த விதி. அதற்கு முன்பெல்லாம், ஒயரை மாற்றிச் செருகிவிட்டு 'டீச்சர், முள்ளு அசையல' என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். பத்துக்கு ஒன்பது தடவை தவறு கூப்பிட்டவர் பேரில்தான் இருக்கும். விதி வந்த பிறகு அறை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் டீச்சருக்கு ஒரு பெருமை.

வரிசையில் முதல் ஆள் ஒயரிங்காரர். வீடுகளுக்கு ஒயரிங் போடுகிறவர், வகுப்பிலேயே வயதில் மூத்தவர். இரண்டாவது மேசையில் அவர்தான் முதலில் உட்கார்ந்தார். முடித்துவிட்டு, டீச்சரைப் பார்க்காமல் மூன்றாவது மேசைக்குப் போனார்.

பாதிப் பேர் முடித்த பிறகு நாத்தனார் இரண்டாவது மேசைக்கு வந்தாள். சுற்றை இணைத்தாள். குமிழைத் திருப்பினாள். நிறுத்தினாள். ஒயர்களைக் கழற்றி மீண்டும் செருகினாள். அம்மீட்டரை விரலால் தட்டினாள். முனைகளை மாற்றிப் போட்டாள். மறுபடியும் குமிழ். பிறகு தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேறு எந்த மாணவர் பார்த்திருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். இவள் வீட்டு ஆள். ஒரு புருவம் அசைந்தாலும் நாளைக்கு யாராவது 'அண்ணி கண்ணாலேயே சொல்லிக் குடுத்தாங்க' என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் இன்னொரு தடவை பார்த்தாள். சன்னல் மூடியிருந்தது, அதற்கு வெளியே பார்க்க எதுவுமில்லை. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

தாள்களை டீச்சர் மறுநாள் பகலில், வீட்டில் யாருமில்லாதபோது சாப்பாட்டு மேசையில் பரப்பித் திருத்தினாள். இரண்டாவது பெட்டி பல்ப். எல்லாரும் பல்ப் என்று எழுதியிருந்தார்கள். எல்லாருடைய கோடும் ஏறி, வளைந்து, படுத்துக்கொண்டது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வகுப்பு அமைந்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நாத்தனாரின் தாள் வந்தது.

ஒரு வோல்ட்: பூஜ்யம். இரண்டு வோல்ட்: பூஜ்யம். ஆறு வோல்ட்: பூஜ்யம். கிராஃப் தாளில் அடிக்கோட்டின் மேலேயே ஒரு கோடு, தரையில் இழுத்துக்கொண்டு போன மாதிரி. கீழே, 'பெட்டிக்குள் இருப்பது' என்ற இடத்தில்: 'தெரியவில்லை. முள் அசையவில்லை.'

டீச்சருக்கு முதலில் வந்தது கோபம். அத்தனை பேருக்கும் அசைந்த முள் இவளுக்கு மட்டும் அசையாதா? ஒரு பல்பை இணைக்கத் தெரியாதவளை எப்படி லிஃப்ட்டின் தலைமாட்டில் ஏற்றிவிடுவது? உள்ளே மனிதர்கள் போய் வருகிற பெட்டி அது. அந்தப் பகுதிக்குப் பூஜ்யம் போட்டாள். கூட்டிப் பார்த்தாள். தேறவில்லை. மறுபடி கூட்டினாள். கூட்டல் அவளைவிடப் பிடிவாதமாக இருந்தது.

6

பெட்டிகளைப் பிரித்து வைப்பதற்காக டீச்சர் தேர்வு அறைக்குப் போனாள். இரண்டாவது மேசையில் இருந்த சுற்று அப்படியே இருந்தது. பிரிப்பதற்கு முன்னால், ஒரு பழக்கத்தில், ஸ்விட்சைப் போட்டுக் குமிழைத் திருப்பினாள்.

முள் அசையவில்லை.

ஒயர்களைச் சரிபார்த்தாள். மீட்டரை மாற்றினாள். முனைகளை மாற்றினாள். நாத்தனார் செய்த அதே காரியங்களை அதே வரிசையில் செய்துகொண்டிருக்கிறோம் என்று நடுவில் உறைத்தது. டேப்பைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பல்ப் இருந்தது. கண்ணாடியில் கறுப்பாக ஒரு புகைத் திட்டு. இழை நடுவில் அறுந்து, இரண்டு நுனியும் ஒன்றையொன்று பார்க்காமல் வளைந்திருந்தன.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

நடுவில் எப்போதோ அறுந்திருக்கும், முன்னால் வந்தவர்களுக்கு வேலை செய்திருக்கும் என்று மனம் சமாதானம் தேடியது. தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து விழுந்தது. பழைய அளவு பல்ப் கிடைக்காததால் இந்தத் தடவை வேறு பல்ப் வாங்கிப் போட்டிருந்தாள். கொஞ்சம் சின்னது. ஆறு வோல்ட்டில் இது வாங்குகிற கரண்ட் கால் ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கையேட்டில் அச்சாகியிருக்கும் மாதிரிக் கோடு பழைய பல்புக்கானது. அதில் அரை ஆம்பியர்.

பையிலிருந்த தாள்களை எடுத்துப் புரட்டினாள். அரை. அரை. அரைக்குக் கொஞ்சம் கீழே. அரை. முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை, இந்தப் பல்ப் உயிரோடு இருந்திருந்தால்கூடக் கொடுத்திருக்க முடியாத கரண்ட்.

யாருக்கும் முள் அசையவில்லை. ஒருவருக்குக்கூட அசையவில்லை. அத்தனை பேரும் அசைந்ததாக எழுதியிருக்கிறார்கள். மற்ற இரண்டு பெட்டிகளையும் கண்டுபிடித்தால் மிச்சம் பல்ப்தான், அதன் கோடு கையேட்டில் இருக்கிறது. அவள் அந்த அறையில்தான் இருந்தாள். அமைதியாக இருக்கிறதே என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

(இந்த இடத்தில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கதையில் நடப்பது நானே வைத்ததுதான். இருந்தாலும் திரும்பி வந்து அந்தத் தாள்களை அவளோடு சேர்ந்து நானும் புரட்டினேன். இதுவரை நான் எழுதிய கதைகளில் எத்தனையில் முள் உண்மையிலேயே அசைந்தது?)

7

(இந்த எண்ணில் டீச்சரின் கணவர் வந்து ஆறுதல் சொல்லும் பகுதி ஒன்று இருந்தது. எடுத்துவிட்டேன். அவரை யாரும் கேட்கவில்லை.)

8

ஒயரிங்காரர் அன்று மாலை வகுப்புக்கு வந்ததும் டீச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இரண்டாவது மேசையில முதல்ல உக்காந்தது நீங்கதான?"

அவர் முகம் அப்போதே கறுத்துவிட்டது. "நான்தான் டீச்சர்."

"முள்ளு அசைஞ்சுதா?"

"அசைஞ்சுது." கதவைத் திரும்பிப் பார்த்தார். "ஒரே ஒரு துள்ளு. ஸ்விட்சப் போட்டதும் துள்ளி, அப்படியே படுத்துடுச்சு. என்னடான்னு பார்த்தா, குமிழு கடைசியில இருக்கு. பன்னெண்டு வோல்ட்டு. பாக்காம ஸ்விட்சத் தட்டிட்டேன். குடியே முழுகிச்சுன்னு குமிழ பூஜ்யத்துக்குத் திருப்பி வெச்சுட்டு, கையேட்டுல இருந்தத ஞாபகத்துல எழுதிட்டேன்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!"

"போர்டுல நீங்கதான எழுதி வெச்சிருக்கீங்க டீச்சர், கூப்பிட்டா மார்க் போயிடும்னு."

டீச்சருக்குக் காது அடைத்தது. அவர் சொன்ன கடைசி வரியால் அல்ல. குமிழ் கடைசியில் இருந்தது என்றாரே, அதனால்.

தேர்வு நாள் காலையில் அவள் பெட்டியைச் சோதித்தாள், வேலை செய்தது. பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, சப்ளை முழு அளவுக்குப் போகிறதா என்று பார்க்கக் குமிழைக் கடைசி வரை திருகினாள். அப்போது பிரின்சிபால் கூப்பிட்டார். ஸ்விட்சை அணைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்து பெட்டியை இணைத்தாள்.

குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் ஸ்விட்சைத் தொடாதே. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில், வேறு எதுவும் சொல்வதற்கு முன்னால், அவள் சொல்கிற முதல் வாக்கியம் அது. குளிர்ந்த இழை. ஆறு வோல்ட் பல்புக்குப் பன்னிரண்டு வோல்ட். (மூன்றாம் பகுதியின் அடிக்குறிப்புக்கு இப்போது போய் வாருங்கள்.)

பெட்டியை எடுத்துக்கொண்டு போய் டீச்சர் சொன்ன எல்லாவற்றையும் பிரின்சிபால் கேட்டார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டேப்ப யார் கிழிச்சது?"

"நான்தான் சார்."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல."

"டீச்சர், கொஞ்சம் வெளியில நின்னு யோசிச்சுப் பாருங்க. எல்லாரும் பாஸ். ஒருத்தி மட்டும் ஃபெயில். அந்த ஒருத்தி உங்க நாத்தனாரு. இப்ப நீங்க தனியா போயி, பெட்டியத் திறந்து, செத்த பல்ப கையில எடுத்துக்கிட்டு வந்து, 'எல்லாரும் பொய், இவ மட்டும்தான் உண்மை'ன்னு சொல்றீங்க. யார் நம்புவாங்க?"

"நீங்க நம்பறீங்களா சார்?"

"நம்பறேன். அதனாலதான் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

9

இப்போது நாத்தனார். இங்கேதான் எனக்குச் சறுக்கியது.

நான் எழுத நினைத்தது இது: டீச்சர் கண்கலங்கி, 'நீ ஒருத்திதான் உண்மைய எழுதினே' என்று சொல்ல, நாத்தனார் தலைகுனிந்து, 'நான் பார்த்ததைத்தானே'

முடிக்கவில்லை. இந்த வாக்கியம் கையேட்டில் இருக்கிற கோடு. எங்கே ஏறும், எங்கே வளையும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் பேனாவை வைத்துவிட்டு, அவளைப் பேசவிட்டேன். சமையலறை. அடுப்பில் பால்.

"பெட்டி செத்துக் கிடந்துச்சா?" நாத்தனாரின் வாய் திறந்தபடி நின்றது. "அப்போ என் ஒயரு தப்பு இல்லையா? அண்ணி, நான் ராத்திரி பூரா அழுதேனே!"

"தெரியும். பக்கத்து ரூம்தான். நீ ஒருத்திதான் உள்ளத உள்ளபடி எழுதினே. எனக்கு எவ்வளவு"

"இருங்க இருங்க." அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அப்படிப் பார்க்காதீங்க. எனக்குக் கூச்சமா இருக்கு. எனக்கு அந்த அளவு மனப்பாடம் இல்ல அண்ணி. அதான் விஷயம். இருந்திருந்தா நானும் எழுதியிருப்பேன்."

பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அடுப்பைப் பார்க்கவில்லை.

"என்னடி சொல்றே?"

"உண்மையத்தான். அரையா, ஒண்ணா, கோடு எந்தப் பக்கம் வளையும், எதுவும் ஞாபகம் வரல. வந்திருந்தா, முள்ளாவது ஒண்ணாவதுன்னு வரைஞ்சு குடுத்துட்டு எழுந்திருப்பேன். அங்க உக்காந்து பார்த்தா தெரியும் உங்களுக்கு. எல்லாரும் எழுதிட்டு எழுந்து போறாங்க. நமக்கு மட்டும்தான் வரலன்னு இருக்கும். அப்போ உங்கள ரெண்டு தடவ பார்த்தேன். சும்மா பார்க்கத்தான் பார்த்தேன், கேக்கக்கூட இல்ல. நீங்க திரும்பிக்கிட்டீங்க."

டீச்சர் அடுப்பை அணைத்தாள். கரித்துணியைத் தேடி எடுத்தாள். துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

என் நிலைமையும் அதுதான். 'நாத்தனார் நேர்மையானவள்' என்று இரண்டாம் பகுதியில் எழுதி அடித்தேனே, அந்த வரியை நான் மனத்துக்குள் அடிக்கவேயில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் நேர்மையானவளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. சோதித்துப் பார்க்கிற வாய்ப்பு இன்னும் வரவில்லை.

10

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் டீச்சர் வாயை மூடிக்கொண்டு நாத்தனாரின் பூஜ்யத்துக்கு மட்டும் முழு மதிப்பெண் போடுகிறாள். நாத்தனார் லிஃப்ட் மேலே ஏறுகிறாள். இது டையோடு: ஒரு பக்கத்துக்கு மட்டும் கதவு திறக்கிறது.

இரண்டாவதில் எல்லாரையும் தோல்வி என்று அறிவிக்கிறாள். அவ்வளவு கோபத்தில் ஓர் இன்பம் இருந்தது. அதனால் சந்தேகப்பட்டுக் கிழித்துவிட்டேன்.

மூன்றாவது டீச்சருக்கே தோன்றியது. அவள் திரும்பப் பிரின்சிபாலிடம் போனாள். "மறுபடி நடத்தலாம் சார். எல்லாருக்கும். இரண்டாவது பெட்டி மட்டும். பெட்டிய நீங்க அடைங்க. உள்ள என்ன வெக்கறீங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க."

"என்ன வேணா வெக்கலாமா?"

"என்ன வேணா. எதுவும் வெக்காமலும் விடலாம்."

பிரின்சிபால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வகுப்பில் டீச்சர் எல்லாருக்கும் முன்னால் நின்று சொன்னாள்: "குமிழப் பூஜ்யத்துக்குக் கொண்டு வராம விட்டது நான். பல்பு என்னாலதான் போச்சு. செத்த பல்புக்கு இத்தனை அழகா கோடு வந்தது எப்படின்னு உங்களுக்குத் தெரியும். நான் கேக்கப் போறதில்ல." ஒயரிங்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் டஸ்டரை எடுத்துக் கரும்பலகையில் இருந்த அந்த வரியை அழித்தாள். வெகுநாள் எழுதியிருந்ததால் முழுக்கப் போகவில்லை. உற்றுப் பார்த்தால் படிக்கலாம்.

11

இரண்டாவது மேசை. கறுப்புப் பெட்டி. டேப்பின் மேல் பிரின்சிபாலின் கையெழுத்து. இந்தத் தடவை வரிசையில் முதல் ஆள் நாத்தனார்.

வாசலில் டீச்சரைக் கடந்து போகும்போது காதருகே சொல்லிவிட்டுப் போனாள்: "இந்தத் தடவ கையேட்டப் பூரா மனப்பாடம் பண்ணிட்டேன் அண்ணி. போன் நம்பர் மாதிரி சொல்லுவேன். பல்பு, டையோடு, எல்லாம். இனிமே எந்தப் பெட்டி வந்தாலும் நான் ஃபெயில் ஆக மாட்டேன்."

டீச்சர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் மேசைக்குப் போய்விட்டாள்.

நாத்தனார் உட்கார்ந்தாள். குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. சுற்றை இணைத்தாள். ஸ்விட்சைப் போட்டாள். மெல்லத் திருப்பினாள். குனிந்து மீட்டரைப் பார்த்தாள். பென்சிலை எடுத்தாள். எழுதவில்லை. தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சர் திரும்பிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் நிற்கிற இடத்திலிருந்து முள் தெரியாது.

எனக்கும் தெரியாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நான் முடிவு செய்யவில்லை. செய்தால் என் கை அதற்கேற்ற கோட்டைத் தானே வரைந்துவிடும், அதை ஒரு தடவை பார்த்துவிட்டேன். கையேட்டுக்காரர்களுக்கு இன்று பாடத்தை அனுப்புகிறேன். கடைசி வரியையும் படத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் கிராஃப் தாளைப் போட்டிருக்கிறேன். அதே தாளை இங்கேயும் போட்டுவிட்டுப் போகிறேன்.

மேசைக்குப் பக்கத்தில் நிற்பது இப்போது நீங்கள்தான். அவள் பென்சில் தாளுக்கு மேலே நிற்கிறது. அவளுக்கு எல்லாக் கோடும் மனப்பாடம். உங்களுக்கும், இந்த மாதிரிக் கதைகள் எங்கே போய் வளையும் என்பது மனப்பாடம். கொஞ்சம் குனிந்து மீட்டரைப் பாருங்கள்.

முள்